ஊசிக்கு அளவெடுத்த நாள்

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிவிட்டால் டெய்லரம்மாவிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய யூனிஃபார்ம் அவளுடைய மெஷினில்தான் ஏறி இறங்கும். முன்னறையில் கால் வைக்க இடமிருக்காது. ஒரு பக்கம் நீலத்துணி, ஒரு பக்கம் வெள்ளைத்துணி, நடுவில் கழுத்தில் டேப்பும் உதட்டிடுக்கில் குண்டூசியுமாக அவள். அந்தக் குண்டூசி அங்கே இருப்பதே ஊருக்கு நல்லது, எடுத்தால் பேச ஆரம்பித்துவிடுவாள் என்று அவளுடைய சொந்தத் தம்பியே சொல்லித் திரிவான்.

அவளிடம் ஒரு பழக்கம். அளவெடுக்கும்போது பிள்ளையைத்தான் கேட்பாள். கூட வந்த பெரியவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"உனக்கு எப்படிடா வேணும்? லூசாவா, பிடிச்ச மாதிரியா?"

"நல்லா லூசாவே தைச்சிடுங்க, அடுத்த வருஷமும் ஓடணும்" என்று பின்னாலிருந்து அம்மாக்காரி குரல் கொடுப்பாள்.

"போடப்போறது நீங்களா, அவனா? உங்க ஆசைக்கு உள்ளே மடிப்பு விடுறேன், அடுத்த வருஷம் பிரிச்சுக்கலாம். அவன் ஆசைக்கு வெளியே தைக்கிறேன். போதுமா?"

பையன் அப்போதுதான் நிமிர்ந்து நிற்பான். அவள் கேட்பதற்காகவே அவளிடம் வருகிற பிள்ளைகள் உண்டு.

அவளுடைய ஒரே மகளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு வருவதற்கு முன்பே அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள். ஒடிசலான உடம்பு வேறு, பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். ஊசியின் அப்பா லாரி ஓட்டுகிறவர். ஒரு லோடு எடுத்துப் போனால் திரும்பி வரும்போது காலண்டரில் மாதம் மாறியிருக்கும். ஆகவே அப்பாவுடைய கண்டிப்பையும் அம்மாவுடைய கண்டிப்பையும் டெய்லரம்மா ஒருத்தியே சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். எழுந்திருக்க ஒரு நேரம், படிக்க ஒரு நேரம், பட்டன் தைக்க ஒரு நேரம். சத்தமாகச் சிரித்தால் ஒரு பார்வை. டெய்லரம்மாவுக்குள் பயம்தான், வேறொன்றுமில்லை. ஒரு தையல் விட்டால் மொத்தமும் பிரிந்துவிடும் என்று தொழில் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. அதைப் பிள்ளை வளர்ப்புக்கும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

இரண்டு தெரு தள்ளி அவள் தம்பி பேக்கரி வைத்திருந்தான். அது வேறு உலகம். விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும், மத்தியானம் வீடே குறட்டை விடும். யார் எப்போது சாப்பிட்டார்கள், யார் எங்கே போனார்கள் என்று கேட்கிற வழக்கமே அங்கே கிடையாது. பேக்கரிக்காரனுடைய மகன் பன்னு, ஊசியைவிடச் சில மாதங்கள்தான் இளையவன். பேருக்கு ஏற்ற கன்னம். லீவு விட்டால் அவன் பல் தேய்ப்பதற்குள் பேக்கரியில் இரண்டாவது முறை பன் விற்றுத் தீர்ந்திருக்கும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், பேக்கரியின் பின்னறையில் அக்காவும் தம்பியும் டீயும் சூடான பன்னுமாக உட்கார்ந்திருந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. பன்னு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ட்ரேயிலிருந்து நேரடியாக ஒரு பன்னைப் பிய்த்து வாயில் போட்டான்.

"டேய், மூஞ்சியாவது கழுவிட்டுத் தின்னுடா" என்றாள் அவன் அம்மா.

"போம்மா" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

டெய்லரம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "போம்மாங்கிறான். நீயும் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கே?"

"போன்னா போயிடுவேனா அண்ணி? அவன் பாட்டுக்குச் சொல்றான்" என்று தம்பி மனைவி சிரித்தாள்.

"என் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட இது வேணும் அது வேணும்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. தெரியுமா?"

பேக்கரிக்காரன் மாவு அப்பிய கையைத் துடைத்துக்கொண்டே, "கிடைக்காதுன்னு தெரிஞ்சவ எதுக்குக்கா கேக்கப் போறா?" என்றான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது நேராகப் போய்த் தைத்துவிட்டது.

"உன் லட்சணம் தெரியாதா? அந்தப் பையனை ஒரு மாசம் எங்கிட்ட விட்டுப் பாரு. சூரியனை அவன் எழுப்புவான்."

"விடுறேன். உன் பொண்ணை இங்க விடு. சிரிக்கச் சொல்லிக் குடுக்கிறேன். சின்ன வயசுல அம்மா வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் உன் கையில வளர்ந்தவன்கா நான். எங்க போனே, ஏன் போனே, யாரோட போனேன்னு நீ கேட்ட கேள்வியிலதான், எனக்குப் பிள்ளை பொறந்தா அவனை ஒரு கேள்வியும் கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன்."

"பாத்தாலே தெரியுது."

பேச்சு பேச்சாகவே போயிருக்கலாம். இரண்டு பேருக்கும் ரோஷம் ஒரே வயிற்றிலிருந்து வந்தது, அதனால் போகவில்லை. மறுநாள் காலையில் பன்னு ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அத்தை வீட்டு வாசலில் நின்றான். ஊசி தன் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பள்ளிக்கூடம் திறக்கும்வரை என்று பேச்சு.

பன்னு வந்த அன்றே அத்தைக்குத் தலைவலியும் வந்தது. ஆறு மணிக்கு எழுப்பினால் எழுந்துவிடுவான், ஆனால் ஏன் என்று கேட்பான்.

"எதுக்கு அத்தை ஆறு மணி? ஆறரைக்கு எந்திரிச்சா என்ன?"

"ஆறு மணின்னா ஆறு மணி."

"சரி, காரணம் சொல்லுங்க. எந்திரிச்சிடறேன்."

டெய்லரம்மா யோசித்தாள். அவளுக்கே காரணம் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. "தண்ணி ஆறு மணிக்கு நல்லா வரும்" என்று சொல்லி வைத்தாள். அவன் அதையும் போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "எப்பவும் ஒரே மாதிரிதான் அத்தை வருது" என்றான்.

பட்டன் தைக்கச் சொன்னால் முதலில் விரலைத் தைத்துக்கொண்டான். இரண்டு சட்டையின் கைகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பட்டன் போட்டான். திட்டு வாங்கினான், வாங்கிக்கொண்டே சாப்பிட்டான். ஆனால் ஒரு வாரம் ஓடுவதற்குள் முன்னறையின் காற்றே மாறிவிட்டது. அளவெடுக்க வந்து அழுகிற சின்னப் பிள்ளைகளை அவன் துணிமலைக்குள் ஒளித்துவைத்துக் கண்டுபிடித்து விளையாடினான். தைத்ததை மடித்தான், பேர் எழுதி ஒட்டினான். ஒரு நாள் சாயங்காலம் விளையாடப் போனவன் இருட்டிய பிறகு வந்தான். டெய்லரம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எங்கடா போனே? மணி என்ன ஆச்சு? மழை வேற வருது, குடையாவது எடுத்துட்டுப் போனியா? தலையைத் துடை முதல்ல!"

அவன் துண்டை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். முகத்தில் ஒரு சிரிப்பு.

"என்னடா இளிப்பு?"

"ஒண்ணுமில்ல அத்தை. எங்க வீட்ல நான் எப்ப வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு தடவை ராத்திரி பூரா ஃப்ரெண்டு வீட்ல தூங்கிட்டேன். காலைல போனா, இப்பதான் எந்திரிச்சியான்னு அப்பா கேக்கறாரு. நீங்க வாசல்லயே நிக்கறீங்க. நல்லாருக்கு."

டெய்லரம்மா அன்றைக்கு அவனுக்கு இரண்டு முட்டை கூடுதலாகப் பொரித்துப் போட்டாள். தம்பியை மனதுக்குள் நன்றாக வைது தீர்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் படுத்தாள், ஆனால் தூக்கம் வருவதற்குள் ஊசியின் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வீட்டில் கேட்காதது குறையாக இருந்தால், இன்னொரு வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்ததும் குறைதானோ என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

அங்கே ஊசி என்ன செய்கிறாள் என்பது பன்னு வழியாகத்தான் தெரிந்தது. முதல் சில நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம், யாராவது வேலை சொல்வார்கள் என்று. யாரும் சொல்லவில்லை. பிறகு அவளே மாவு பிசையப் போய், அவளே ட்ரேயை அடுப்பில் வைத்து, ஒரு ட்ரே பன்னைக் கரியாக்கினாளாம்.

"ஐயையோ. உங்கப்பன் என்ன சொன்னான்?"

"அப்பா அதுல ரெண்டை எடுத்து டீயில தொட்டுத் தின்னுட்டு, உள்ள நல்லாத்தான் இருக்குன்னாராம். யாருமே திட்டலையேன்னு ஊசி உக்காந்து அழுதாளாம். அவ அழறதப் பாத்து அம்மா அழ, ரெண்டு பேரையும் பாத்து அப்பா சிரிக்க, கடைசில ஊசியும் சிரிச்சிட்டாளாம். கடைக்கு வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்களாம் அத்தை, ஏதோ ஆயிடுச்சு இவங்களுக்குன்னு."

மறுநாள் டெய்லரம்மா ரொட்டி வாங்குகிற சாக்கில் பேக்கரிக்குப் போனாள். வீட்டில் ஒரு முழு ரொட்டி இருந்தது. தெருமுனையிலேயே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் வீட்டுப் பெண் இப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே போனாள். அவள் வீட்டுப் பெண்தான். தலைமுடி முழுக்க மாவு, கையில் ஒரு கரண்டி, ரஸ்க் எடுக்க வந்த வண்டிக்காரரோடு வாக்குவாதம்.

"நேத்தும் இப்படித்தான் சொன்னீங்கண்ணே. உடைஞ்ச ரஸ்க்குக்கெல்லாம் நாங்களா காசு திருப்பித் தரணும்? நீங்க வண்டிய குழியில விட்டா, பழி எங்க ரஸ்க் மேலயா?"

வண்டிக்காரர் தோற்றுப்போய்ச் சிரித்தார். ஊசியும் சிரித்தாள். அப்போது அம்மாவைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. கரண்டியைக் கீழே வைத்தாள், முடியை ஒதுக்கினாள், நேராக நின்றாள்.

"சரிம்மா" என்றாள். அம்மா இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

டெய்லரம்மா ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் அந்தச் சிரிப்புதான் காதில் இருந்தது. அது நின்றுபோன விதமும்தான். பதினைந்து வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை, தன்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. அன்றைக்கு ஒரு சட்டைக்குக் கையை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துவிட்டு, பிரித்துத் தைத்தாள். அவள் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை.

சமாதானமாக எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவளுக்குத் தெரிந்த சமாதானம் தையல்தான். வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஊசியின் யூனிஃபார்மை வெட்டினாள். எல்லாவற்றிலும் நல்ல துணி, மணிமணியான தையல். அளவு எதற்கு? பெற்றவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருஷமும் கண்ணளவில்தான் வெட்டுவாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உள்ளே மடிப்பு விடுகிறவள், மகளுக்கு மட்டும் விட்டதில்லை. நான்தான் வீட்டிலேயே இருக்கிறேனே, வேண்டும்போது புதிதாகத் தைத்தால் போயிற்று என்று ஒரு கணக்கு. பன்னுவிடம் கொடுத்தனுப்பினாள்.

அவன் அதே பையோடு திரும்பி வந்தான்.

"போடவே முடியல அத்தை. தோள்ல ஏற மாட்டேங்குது. கை முழங்கை பக்கத்துல நிக்குது."

"விளையாடாதே. என் பொண்ணு அளவு எனக்குத் தெரியாதா?"

"அவ வளந்துட்டா அத்தை. எங்கம்மா தலைக்கு மேல நிக்கறா. நீங்க பாக்கலையா?"

டெய்லரம்மா அந்தச் சட்டையை வாங்கி உள்ளே புரட்டிப் பார்த்தாள். பிரித்துவிட ஒரு நூலளவு துணிகூட உள்ளே இல்லை. தெருப் பிள்ளைகள் அத்தனை பேருடைய தோளும் இடுப்பும் அவளுக்கு மனப்பாடம்.

அன்று சாயங்காலம் தம்பி வந்தான். வழக்கமான கிண்டல் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டான்.

"அக்கா, கோவிச்சுக்காதே. ஊசி ஒண்ணு கேட்டா. உங்கிட்டக் கேக்கச் சொன்னா."

"என்ன கேட்டா?"

"ஸ்கூல் திறந்தப்புறமும் அங்கயே இருந்துக்கவான்னு."

மெஷின் நின்றது. மகள் முதன்முதலாக ஒன்று கேட்டிருக்கிறாள். அது அம்மாவிடமிருந்து போவதற்கு.

"நான் எதுவும் சொல்லிக் குடுக்கலக்கா. சத்தியமா" என்றான் தம்பி. அவன் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. "ஜெயிக்கணும்னு நினைச்சேன்தான். இப்படி வேண்டாம். நீ வேணாம்னு சொல்லிடு, அவ ஒண்ணும் பேசாம வந்துடுவா."

"அதான்டா எனக்கு பயம்" என்றாள் டெய்லரம்மா. "ஒண்ணும் பேசாம வந்துடுவா."

லாரிக்காரருக்குப் போன் போட்டாள். பின்னால் ஹாரன் சத்தத்தோடு அவர் முழுதையும் கேட்டுக்கொண்டார்.

"நான் என்னத்தச் சொல்ல? மாசத்துல ரெண்டு நாள் வர்ற அப்பன். ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் வீட்டுக்கு வந்தா, சாப்பிடறீங்களா தூங்கறீங்களான்னு எங்கிட்டக் கேப்பியே. அவகிட்ட அப்படிக் கேட்டிருக்கியா?"

"அவ நம்ம பிள்ளைதானேங்க. பிள்ளைகிட்ட என்ன கேக்கறது?"

"ஊர்ப் பிள்ளைங்ககிட்ட எல்லாம் கேக்கறியேம்மா, லூசா பிடிச்சதான்னு" என்றார் அவர். லைன் கட்டாகிவிட்டது. அல்லது அவராகவே கட் பண்ணியிருக்கலாம், கெட்டிக்கார மனுஷர்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை மழை கொட்டியது. கடைசி நேரக் கூட்டம். முன்னறையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், குடைகளெல்லாம் சேர்ந்து வாசலில் குளம் கட்டியிருந்தன. பன்னு பேர் எழுத, டெய்லரம்மா ஒவ்வொருவராக அளந்து கொண்டிருந்தாள். லூசாவா, பிடிச்ச மாதிரியா. அடுத்தது. கையைத் தூக்கு. அடுத்தது.

டேப்பைப் பிரித்துக்கொண்டு நிமிர்ந்தால், வரிசையில் அடுத்து நின்றது ஊசி. சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் கொடிக்கம்பம் மாதிரி நின்றாள்.

"எனக்கும் அளவெடுக்கணும்" என்றாள்.

எப்போது வந்து வரிசையில் நின்றாளோ தெரியவில்லை. பன்னு பேர் எழுதுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்தான். டெய்லரம்மா குண்டூசியை உதட்டிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். மகளுடைய தோளில் டேப்பை வைக்கக் கையை உயர்த்த வேண்டியிருந்தது. கழுத்து, தோள், கை. ஒவ்வோர் அளவும் அவள் நினைத்திருந்ததைத் தாண்டி ஓடியது. எல்லாவற்றையும் அவளே எழுதிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. மழை ஈரம் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உனக்கு எப்படி வேணும்?" என்று கேட்டாள். "லூசாவா, பிடிச்ச மாதிரியா?"

ஊசிக்கு அது பழக்கமில்லாத கேள்வி. வரிசையில் நின்ற பிள்ளைகளெல்லாம் அவளையே பார்த்தார்கள்.

"தோள்ல கொஞ்சம் லூசா" என்றாள் மெதுவாக. பிறகு கொஞ்சம் சத்தமாக, "ரெண்டு பாக்கெட் வேணும். பெரிசா."

"ஸ்கூல்ல பாக்கெட்…" என்று ஆரம்பித்தவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். "எவ்வளவு பெரிசு?"

"கை முழுசா போகணும்."

"சரி." டேப்பைச் சுருட்டிக்கொண்டே, அதே குரலில், அடுத்த அளவைக் கேட்பது போலவே கேட்டாள். "மாமா வீட்லயே இருந்துக்கறியா? இல்ல, இங்க வர்றியா? உனக்கு எப்படி வேணுமோ சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். அழுவேன், அது வேற."

ஊசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இங்க வரேன். ஆனா காலைல பேக்கரிக்குப் போவேன். முதல் ட்ரே நான்தான் எடுப்பேன்."

"ஆறு மணிக்கு எந்திரிச்சு…"

"ஆறு மணியா? அடுப்பு நாலரைக்கே பத்த வைக்கணும். ஆறு மணிக்கெல்லாம் பன்னு மாதிரி ஆளுங்கதான் எந்திரிப்பாங்க."

"ஏய்!" என்றான் பன்னு. வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்காமல் அத்தையைப் பார்த்தான். "அப்ப நான்? எங்க வீட்டுக்குப் போயிடணுமா?"

"போகத்தான் வேணும். ஆனா சாயங்காலம் இங்க வந்து பட்டன் தைச்சுட்டு, இருட்டறதுக்குள்ள கிளம்பு. உங்கப்பனை வாசல்ல வந்து நிக்கச் சொல்லியிருக்கேன். நிக்கலைன்னா எனக்குப் போன் பண்ணு, நான் வந்து நிக்கறேன்."

பன்னுவின் கன்னம் விரிந்தது. பேனாவை எடுத்துக்கொண்டான்.

டெய்லரம்மா மறுபடி டேப்பைப் பிரித்தாள். உயரம் மட்டும் பாக்கி. ஊசியின் தலை, கூட்டத்தைப் பார்க்கிற வாக்கில் சாய்ந்திருந்தது.

"நேரா நில்லு. தலையை நிமிர்த்து" என்றாள், பழக்கதோஷத்தில்.

"மாட்டேன் போம்மா. ட்ரே தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்குது."

சொன்ன பிறகுதான் ஊசிக்குத் தான் சொன்னது உறைத்தது. கண்ணை அகலமாக விரித்து அம்மாவைப் பார்த்தாள். பன்னு மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

டெய்லரம்மா குனிந்து, டேப்பின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, சாய்ந்த தலையைச் சாய்ந்தபடியே அளந்தாள்.

"உள்ளே நாலு விரல் மடிப்பு" என்றாள் பன்னுவிடம். "எழுதிக்கோ."